ஹலீமா கேட்ட குரவை

படுக்கை விரிப்பை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இரண்டு மூலைகளைப் பிடிக்க, எதிரே நிற்பவள் மற்ற இரண்டையும் பிடித்து உதற வேண்டும். பிறகு இருவரும் நடந்து வந்து கையோடு கை சேர்த்து, மடிப்பைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போக வேண்டும். புவாண்ட்-கிளேரில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தின் நிலக்கீழ் சலவை அறையில் கிளி செய்துவந்த வேலை அதுதான். எதிரே நிற்பவள் ஹலீமா, சூடான் நாட்டுக்காரி. ஒருவரை நோக்கி ஒருவர் நடந்த நடையையெல்லாம் கூட்டினால் மட்டக்களப்புக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று கிளி சில நேரம் நினைப்பாள்.

அப்படி நடந்து நடந்து வளர்ந்த சிநேகம் ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமையில் அறுந்து போனது. அறுத்தவள் கிளிதான். அதுவும் அன்பினால் அறுத்தாள். அந்தப் பாவத்தை எங்கே போய்ச் சொல்வது?

கிளியின் ஊர் ஏறாவூருக்குப் பக்கத்தில். கணவர் பேரின்பநாயகம், பிரெஞ்சு பேசும் இந்த ஊரின் ஒரு பனிக்காலத்தில், வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், எழும்பவில்லை. அதன் பிறகு அவள் பியர்பொன்ட்ஸில் மகள் தக்ஷினி வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறாள். விடியலில் பஸ், மாலையில் பஸ், இடையில் சவர்க்காரத் தூள் மணக்கும் வெக்கை. முழங்காலில் நோவு. களைப்பு அவளுக்கு ஒரு நோய் அல்ல, ஒரு உடுப்பு. காலையில் போட்டுக்கொள்வாள், இரவில் கழற்ற மறந்து அதோடேயே படுத்துவிடுவாள்.

அவளைச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முதலில் கூப்பிட்டபோது ஹலீமா பாட்டு, ஆட்டம் என்று ஒன்றும் சொல்லவில்லை. இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த பிரெஞ்சு மட்டுமே. அதிலே, "வா, உட்காரலாம். அங்கே யாரும் உன்னை எழும்பு என்று சொல்ல மாட்டார்கள்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கிளி நீண்ட பஸ் ஏறி, மெத்ரோ ரயில் மாறி, பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போனாள்.

ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபம். அரபு நாட்டுப் பெண்களும் ஆபிரிக்க நாட்டுப் பெண்களும் சனி பின்னேரங்களில் அங்கே கூடுவார்கள். அவரவர் ஊரில் எதைப் பாடினார்களோ, எதை ஆடினார்களோ, எந்தக் கதை சொல்லிப் பிள்ளைகளை உறங்க வைத்தார்களோ, அதை மற்றவர்களுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். ஹலீமா மண்ணால் செய்து ஆட்டுத்தோல் கட்டிய மேளத்தை மடியில் சாய்த்து அடிப்பாள்; சூடானில் அது பெண்களின் மேளமாம். மொரோக்கோ நாட்டு நஜாத் சல்லடை போன்ற வட்டப் பறையைத் தட்டி மலைநாட்டுப் பாட்டுப் படிப்பாள். மாலி நாட்டு அவா கதை சொல்வாள். அவளுடைய பரம்பரைக்கே கதை சொல்வதுதான் தொழில்.

அவாவின் கதைக்கு ஒரு சட்டம் உண்டு. பக்கத்தில் ஒருவர் இருந்து, ஒவ்வொரு வசனத்துக்கும் "நாமு" என்று சொல்ல வேண்டும். ஆமாம் என்று பொருள். அது நின்றால் அவளும் நிறுத்திவிடுவாள். "கதை நொண்டி. ஊன்ற ஒரு தோள் வேண்டும்" என்பாள். பிள்ளைக்குக் கதை சொல்லும்போது "உம் கொட்டு, கொட்டாட்டிச் சொல்லமாட்டன்" என்று தான் தக்ஷினியை மிரட்டியது கிளிக்கு நினைவு வரும். செவ்வரத்தம்பூ நிறத்தில் ஹலீமா ஊற்றித் தரும் புளிப்பான தேத்தண்ணியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மூலைக் கதிரையில் சாய்ந்து, அவள் பாதி கேட்பாள், பாதி உறங்குவாள். திரும்பும்போது ஜான்-டலோன் சந்தையில் இறங்கி, வாடியதால் மலிந்திருக்கும் கீரைக்கட்டு இரண்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். கிழமை முழுவதிலும் அவள் தனக்கென்று வைத்திருந்தது அது ஒன்றுதான்.

மாசி மாதம் ஒரு நாள் சலவை அறையில் ஹலீமாவின் போன் அடித்தது. அவள் கேட்டாள், போனைக் கீழே வைத்தாள், தலையை நிமிர்த்திக் குரவையிட்டாள்.

குரவை என்றால் குரவையேதான். நாக்கு உதட்டுக்குள் சிறகடிக்க, தொண்டையிலிருந்து நீளமாய், மெல்லிய வெள்ளிக் கம்பி போல வரும் அந்தச் சத்தம். துணி காயவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலை அது ஊடுருவிக்கொண்டு போனது. கிளியின் ஊரில் அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழாவா, கல்யாணமா, மஞ்சள் நீராட்டா, பெண்கள் குரவையிடாமல் ஒன்றும் தொடங்காது. கிழக்கில் பிறந்தவளின் நாக்குக்கு அது கொட்டாவி மாதிரி. ஒருத்தி விட்டால் மற்றவளுக்கும் வந்துவிடும்.

கிளிக்கும் வந்துவிட்டது. ஹலீமாவின் குரவை முடியுமுன் கிளியின் குரவை அதன் மேல் ஏறிப் படர்ந்தது. எத்தனையோ வருடமாய் அடைபட்டுக் கிடந்த குரல், கூட்டைத் திறந்ததும் பறந்த பறவையைப் போல அறையைச் சுற்றியது. பிறகுதான் அவளுக்கு உணர்வு வந்தது. வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டாள்.

கிளி வாய் பொத்தியதை ஹலீமா கவனிக்கவில்லை. அவள் சந்தோசத்தில் இருந்தாள். தமக்கையின் மகள் இக்லாஸுக்குக் கல்யாணம் பேசி முடிந்ததாம். கோடையில் கல்யாணம். ஏப்ரல் கடைசியில் சனிக்கிழமைக் கூட்டம் ஊராருக்கு ஒரு நிகழ்ச்சி காட்டப்போகிறது; அதிலே சூடானியக் கல்யாண ஆட்டம் ஒன்றும் உண்டு. மணப்பெண்ணாக இக்லாஸே ஆடுவாள். "முதல் குரவையை நீ இடு" என்று கிளியின் இரு தோள்களையும் பிடித்துச் சொன்னாள் ஹலீமா. "எங்கள் வீட்டில் ஒரு பெரியவள் தொடங்குவாள். பிறகுதான் மற்றவர்கள். நீ தொடங்கு. நாங்கள் வருவோம்."

இந்த இடத்தில் கிளி "இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஆட்களில் யார்தான் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லியிருக்கிறோம்? "பாப்பம்" என்றாள், பிரெஞ்சில். ஹலீமா அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவள் ஏன் இல்லை என்று சொல்ல விரும்பினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பேரின்பநாயகம் போன அடுத்த வருடம், அவருடைய தமக்கை மகனுக்கு இங்கே ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வாசலில் வந்து இறங்கியதும் பெண்கள் குரவையிட்டார்கள். கிளியும் பழக்கத்தில் வாயைத் திறந்தாள். சத்தம் வெளியே வருவதற்குள் ஒரு கை வந்து அவள் வாயின் மேல் பதிந்தது. கணவரின் தங்கை சிவாஜினியின் கை. அடிக்கவில்லை, அமுக்கவில்லை. மெத்தென்று வைத்தாள். காதுக்குள், "வேணாம் மச்சாள். புள்ளைகளுக்குக் கூடாது" என்றாள்.

அவ்வளவுதான். ஒருவரும் காணவில்லை. ஆனால் அந்தக் கையின் சந்தன மணம் கிளியின் உதட்டை விட்டுப் போகவேயில்லை. அதன் பிறகு யாரும் எதையும் சொல்ல வேண்டி வரவில்லை. கல்யாண வீடுகளில் அவளாகவே சமையல் பக்கம் போய்விடுவாள். தக்ஷினியின் கல்யாணத்தன்று தாலி ஏறியபோதும் தூணுக்குப் பின்னால்தான் நின்றாள். தாய் எங்கே என்று கமெராக்காரன் தேடிவிட்டு விட்டுவிட்டான்.

தன் வாயில் அமங்கலம் இருக்கிறது என்று கிளி நம்பினாள். யாருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. கோடையில் மணவறை ஏறப்போகிற இக்லாஸுக்குக் கொடுக்கவே கூடாது.

ஒத்திகை நாள் வந்தது. சிவப்புச் சேலை போன்ற நீண்ட துணியைச் சுற்றிக்கொண்டு இக்லாஸ் நடுவில் நின்றாள். ஹலீமாவின் மேளம் எழும்பியது. பெண் கண்ணை மூடி, நெஞ்சை நிமிர்த்தி, கழுத்தைப் புறாவைப் போல முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினாள். மேளம் ஓய்ந்ததும் எல்லோருடைய முகமும் கிளியின் பக்கம் திரும்பியது.

கிளி தரையைப் பார்த்தாள்.

இக்லாஸ் சிரித்துக்கொண்டே கிண்ணத்தோடு வந்தாள். சந்தனமும் வாசனை எண்ணெய்களும் குழைத்த கலவை அது. மணப்பெண் தன் கையால் பெரியவளின் உள்ளங்கையில் தடவி, குரவை கேட்பாளாம். பெண் கையை நீட்டினாள். கிளி தன் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பெண் இன்னும் ஒரு அடி வைத்தாள். கிளி கதிரையோடு பின்னுக்கு நகர்ந்தாள். விலகு பிள்ளை, என்னிடம் வராதே, நீ நல்லா இருக்க வேணும் என்று உள்ளுக்குள் கதறினாள். வெளியே ஒரு சத்தமும் வரவில்லை.

அந்தக் கறுத்த, மெலிந்த கை கிண்ணத்தோடு அந்தரத்தில் நின்றது. ஹலீமா அதைப் பார்த்தாள். இந்த ஊர் பஸ்ஸிலும் கடைகளிலும் தன் கை பட்டுவிடாமல் விலகிய கைகளை அவள் அறிவாள். மேளத்தைத் துணியில் சுற்றினாள். இக்லாஸின் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை சலவை அறையில் ஹலீமா படுக்கை விரிப்பைத் தனியாக மடித்தாள்.

தனியாக மடிப்பது பெரிய பாடு. ஒரு முனையை நாடியால் நெஞ்சோடு அமர்த்திக்கொண்டு, கைகளை அகல விரித்து, மேசையில் போட்டு நீவ வேண்டும். கிளி அறையின் மற்றப் பக்கத்தில் அதையே செய்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். பின்னேரம் வரும்போது கிளிக்குத் தோள் இரண்டும் கழன்று விழும் போல இருந்தது. ஹலீமாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மேற்பார்வை பார்க்கும் பெண் வந்து, ஏன் வேலை சுணங்குகிறது என்று கேட்டாள். இருவரும் முழங்காலைச் சாட்டினார்கள்.

சனிக்கிழமை கிளி போகவில்லை. கீழ்த்தளத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தேத்தண்ணியோடு இறங்கி வந்த தக்ஷினி, துருவித் துருவிக் கேட்டு விசயத்தை எடுத்தாள்.

"அம்மா, நீங்க ஏன் கையை இழுத்தீங்க எண்டு அவவுக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் விளங்கப்படுத்தேலாது புள்ள."

"அப்ப அவ என்னண்டு நினைச்சிருப்பா? தோலப் பாத்து இழுத்ததெண்டுதான் நினைச்சிருப்பா."

கிளி எழுந்து உட்கார்ந்தாள். இது அவளுக்குத் தோன்றவேயில்லை. அவள் தன் கையை மட்டும்தான் பார்த்திருந்தாள். தன் கையில் இருந்த தோஷத்தை, தன் வாயில் இருந்த அமங்கலத்தை. எதிரே நீண்டிருந்த கை என்ன நினைக்கும் என்று அவள் பார்க்கவில்லை. "ஐயோ" என்று மெல்லச் சொன்னாள். தேத்தண்ணி ஆறும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் பஸ் ஏறினாள். காலணியில், பனி கரையத் தெருவில் தூவிய உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது. மெத்ரோப் படிகளில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள். போய் மன்னிப்புக் கேட்டால் போதுமா? எதற்கென்று சொல்லாமல் எப்படிக் கேட்பது? அவளிடம் இருந்த பிரெஞ்சு, பால் வாங்கவும் பஸ் கேட்கவும் மட்டுமே போதுமானது.

அன்று அவாவின் கதை நாள். அவள் முடித்ததும், இனி யார் என்று கேட்டாள். கிளி மூலைக் கதிரையிலிருந்து எழும்பி நடுவில் போய் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் இருந்த ஹலீமா முகத்தைத் திருப்பவில்லை.

"ஒரு ஊரில் ஒரு பெண்" என்றாள் கிளி.

"நாமு" என்றாள் அவா.

"அவளுக்கு நல்ல சத்தம்."

"நாமு."

சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள். குரவைக்கு நாக்கைத் தொட்டாள். கணவனுக்கு விரலில் மோதிரத்தைக் காட்டி, பிறகு அதைக் கழற்றுவது போலக் காட்டினாள். அவா ஒவ்வொன்றுக்கும் தோள் கொடுத்தாள். கல்யாண மண்டபம் வந்தது. மாப்பிள்ளை வந்தான். பெண் வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் கிளி தன் கையை எடுத்து, மெத்தென்று, தன் வாயின் மேல் வைத்தாள். கண்ணிலிருந்து நீர் விரல்களின் மேல் ஒழுகியது.

அவா "நாமு" சொல்லவில்லை. கதை நொண்டிக்கொண்டு நடுவழியில் நின்றது.

கிளி கையை எடுத்து, உள்ளதை எல்லாம் கூட்டி ஒரே மூச்சில் சொன்னாள்: அந்தப் பெண் கெட்டவள் அல்ல, தன் கையில் இருப்பது யாருக்கும் ஒட்டக் கூடாது என்றுதான் ஒளிக்கிறாள், மணப்பெண்ணைத் தன் பிள்ளை போல நினைத்ததால்தான் ஒளித்தாள்.

பிறகு ஜன்னலோரத்திலிருந்து வந்தது.

"நாமு."

ஹலீமா எழுந்து வந்து கிளியின் எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபம் முழுவதும் போன முகமல்ல அது. அழுது களைத்த முகம்.

"என் கணவரும் செத்தவர்தான்" என்றாள். "தெரியுமா உனக்கு?"

கிளிக்குத் தெரியாது. அவ்வளவு காலம் எதிரெதிரே நடந்தும் அதைக் கேட்டதில்லை.

"நான் வீட்டுக்குள் இருந்தேன். வெள்ளை உடுத்து, வாசனை பூசாமல். நாலு மாதமும் சில நாளும். பிறகு முடிந்தது. குளித்தேன், கதவைத் திறந்தேன், வெளியே வந்தேன்." ஹலீமா கிளியின் முழங்காலில் கை வைத்தாள். "உனக்கு எப்போது முடியும்?"

ஏறாவூர்க்காரிக்கு இது தெரியாத விசயமா? அவள் ஊரில் முஸ்லிம் பெண்கள் இத்தா இருப்பதை எத்தனை தரம் கண்டிருப்பாள்! இருக்க வேண்டிய காலம் இருந்துவிட்டு, ஒரு காலையில் வெளியே வந்து கடைக்குப் போவார்கள், மற்றவர் வீட்டுக் கல்யாணத்தில் குரவையும் இடுவார்கள். அதைத் தன் பக்கத்தில் வைத்து அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. தன்னுடைய துக்கத்துக்கு ஒரு வாசல் உண்டா, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை.

"தெரியாது" என்றாள். "ஒருவரும் சொல்லவில்லை."

ஹலீமா ஒரு பெருமூச்சு விட்டாள். திங்கட்கிழமை காலையில் விரிப்பின் இரண்டு மூலைகளை எடுத்து, கிளியின் பக்கம் நீட்டினாள். கிளி பிடித்தாள். நடந்து வந்து கையோடு கை சேர்ந்தபோது, ஹலீமாவின் விரல்கள் மடிப்பைக் கொடுத்துவிட்டு ஒரு கணம் தங்கிப் போயின. முதல் குரவையை நீ இட்டாலும் சரி, இடாவிட்டாலும் சரி, நஜாத் தொடங்குவாள், நீ வந்து உட்கார்ந்தால் போதும் என்றாள். ஆனால் பெரியவளின் கதிரையில் நீதான் உட்கார வேண்டும்; அதில் வேறு ஒருத்தியை உட்கார வைக்க இக்லாஸ் சம்மதிக்கிறாள் இல்லை என்றும் சொன்னாள்.

நிகழ்ச்சி நாளன்று தக்ஷினி காரில் கூட்டி வந்தாள். வரும் வழியில், மாமி சும்மா வீட்டில் இருக்கிறா என்று சிவாஜினியையும் ஏற்றிக்கொண்டாள். மச்சாள் கண்டவர்களோடும் சேர்ந்து ஏதோ கூத்தாடுகிறாவாம் என்று சிவாஜினி வழி முழுக்கக் கிண்டல் பண்ணிக்கொண்டு வந்தாள். "என்னகா மச்சாள், இந்த வயதில சலங்கையும் கட்டிற எண்ணமா?" என்றாள். சிவாஜினி முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவா கதை சொன்னாள். மண்டபமே "நாமு" சொன்னது. நஜாத்தின் பறைக்குச் சின்னப் பிள்ளைகள் எழும்பி ஆடினார்கள். கடைசியாக ஹலீமாவின் மண்மேளம். இக்லாஸ் சிவப்புத் துணியில், கண்ணை மூடி, கழுத்து புறாவாகி ஆடினாள். மேளம் ஓய்ந்தது. பெண் கிண்ணத்தோடு கிளியின் கதிரைக்கு வந்தாள்.

முன்வரிசையில் சிவாஜினியின் வலது கை கைப்பையிலிருந்து பாதி எழும்பியதைக் கிளி கண்டாள். அதே கை. எழும்பிய கை, வந்து சேரத் தூரம் இருந்ததால், அந்தரத்தில் நின்றது.

இடாமல் விடலாம். நஜாத் ஆயத்தமாக நிற்கிறாள். எழும்பிப் போய்ச் சமையல் பக்கம் நின்றால் ஒருவருக்கும் ஒரு குறையுமில்லை. அப்படி நின்று நின்று அவளுக்குக் கால் உளைந்துவிட்டது. ஒளிவதும் ஒரு வேலைதான், சம்பளமில்லாத வேலை. அதைச் செய்ய இனி உடம்பில் தென்பு இல்லை. உண்மையைச் சொன்னால் துணிவு வந்து அவள் கையை நீட்டவில்லை. களைத்துப் போய்த்தான் நீட்டினாள்.

இக்லாஸ் அந்தக் கையை இரு கைகளாலும் பிடித்து, வாசனையைத் தடவினாள்.

கிளி வாயைத் திறந்தாள். வந்தது குரவையா? பழைய வெள்ளிக் கம்பி இல்லை அது. கிழிந்த சீலை காற்றில் படபடப்பது போல ஒரு சத்தம். பாதி வழியில் உடைந்து, இருமலாகி, நின்றுவிட்டது. அவமானத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரவை எழும்பியது. அரபுக் குரவையுமல்ல, ஆபிரிக்கக் குரவையுமல்ல. அம்மன் கோயில் வாசலில் கேட்கும் அதே குரவை, பிசிறில்லாமல், கணீரென்று. கிளி கண்ணைத் திறந்தாள். சிவாஜினி! பாதி எழும்பிய கை அப்படியே அந்தரத்தில் நிற்க, வாய் மட்டும் தன்பாட்டில் குரவையிட்டுக்கொண்டிருந்தது. கிழக்கில் பிறந்த நாக்கு. ஒருத்தி விட்டால் மற்றவளுக்கும் வந்துவிடுமே! அதன் மேல் ஹலீமா ஏறினாள், நஜாத் ஏறினாள், அவா ஏறினாள், பெயர் தெரியாத பெண்களெல்லாம் ஏறினார்கள். அந்தக் கீழ் மண்டபத்தின் கூரை எழும்பிப் போய்விடும் போல இருந்தது. இக்லாஸ் நடுவில் நின்று சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

திரும்பும் வழியில் தக்ஷினி கார் ஓட்டினாள். முன்னால் சிவாஜினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளி பின்னால் சாய்ந்திருந்தாள்.

"நான் போடோணும் எண்டு போடல்ல" என்றாள் சிவாஜினி கடைசியில். "கேட்டவுடன வாய் தன்பாட்டில போட்டுட்டுது."

"அது எனக்கும் தெரியும் மாமி" என்று தக்ஷினி சிரிப்பை அடக்கினாள்.

"மச்சாள்" என்றாள் கிளி. கண் மூடியபடிதான் கேட்டாள். சண்டைக்கு அல்ல, மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டாள். "எனக்கு இது எப்பகா முடியிற?"

எது என்று சிவாஜினி கேட்கவில்லை. ஒரு சிவப்பு விளக்கில் கார் நின்றது. பச்சை விழுந்தது. கார் போனது. சந்தனம் பூசிய கையால் ஒரு வாயைப் பொத்தியவளுக்கு, அந்தக் கையை எப்போது எடுப்பது என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவளுக்கும் அது வைத்தபடியே இருந்திருக்கிறது.

"முடிஞ்சுதெண்டு வையுங்கோ" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே. சற்றுப் பொறுத்து, "மறுகா ஒரு சுடுதண்ணி குடிங்கோ. தொண்டை சரியில்ல" என்றாள்.

கிளிக்குச் சந்தோசம் வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தாள். தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் வரை வலி தெரியாது. சுமையை இறக்கி வைத்த பிறகுதான் எலும்பெல்லாம் கத்தும். அப்படி ஒரு களைப்பு இப்போது உச்சி முதல் உள்ளங்கால் வரை இறங்கியது. தூணுக்குப் பின்னால் நின்ற அத்தனை கல்யாண வீடுகளின் களைப்பு.

பியர்பொன்ட்ஸ் வந்து சேர இன்னும் வெகு தூரம் இருந்தது. உள்ளங்கையை மூக்கருகே வைத்து மணந்து பார்த்தாள். சந்தன மணம்தான். ஆனால் இது வேறு கை பூசியது. அதை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, அவள் உறங்கிப்போனாள்.